விசுவமடுவிலிருந்து கிளிநொச்சிக்கு: மச்சாளுடன் ஒரு ஸ்கான் பயணம்

இம்முறை விசுவமடுவில் தம்பி வீட்டில் மூன்று வாரம் நின்றபோது, தம்பியின் மனைவியான மச்சாளைக் கிளிநொச்சிக்கு ஸ்கான் எடுக்கக் கூட்டிச் சென்றேன். திருமணமாகி நான்கு வருடங்களாகியும் பிள்ளை கிடைக்காததால், கருப்பையையும் சூலகங்களையும் பார்க்கும்படி பெண்நோயியல் நிபுணர் எழுதிக் கொடுத்திருந்தார். அரச வைத்தியசாலையில் இது இலவசமாகவே செய்யப்படும் என்றாலும், என் விடுமுறை முடிவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகத் தனியார் இடமொன்றில் நம்பர் எடுத்தோம்.

முதல் நாள் மாலை, கிணற்றடியில் நின்ற என்னிடம் அவர் வந்து, "மச்சாள், எனக்குத் தீட்டு வந்திட்டுது. நாளைக்கு எப்பிடிப் போறது? வேண்டாமெண்டு சொல்லுவமோ?" என்று மெதுவாகக் கேட்டார். கனடாவில் இதே பரிசோதனையைச் செய்துகொண்டவள் என்பதால் எனக்கு விடை தெரிந்திருந்தது. சூலகங்களிலுள்ள சிறு நுண்ணறைகளை, அதாவது முட்டை வளரும் சிறு பைகளை, எண்ணிப் பார்ப்பதற்கு மாதவிடாயின் 2ஆம் நாள் தொடக்கம் 5ஆம் நாள் வரைதான் மிகவும் ஏற்ற காலம். வெட்கத்தினால் அந்த நாட்களைத் தவிர்த்துவிட்டுப் பிந்திப் போகும் பெண்கள் எத்தனை பேர் என்று நினைக்கையில் மனம் கனக்கிறது.

நம்பர் தந்தவர்கள் நேரத்தை மட்டுமே சொன்னார்கள். தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்க மறந்துவிட்டேன். மச்சாளோ, பரந்தன் வரைக்கும் அதற்கப்பாலும் பஸ்ஸில் இருக்க வேண்டுமே, வழியில் எங்கே ஒதுங்குவது என்ற பயத்தில் விடியற்காலையிலிருந்து ஒரு மிடறும் குடிக்கவில்லை. வயிற்றுக்கு மேலாகப் பார்க்கும் ஸ்கானுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் குடல் விலகிக் கருப்பை தெளிவாகத் தெரியும். ஆகவே ஒரு லீற்றர் போத்தலை வாங்கிக் குடித்துவிட்டு, வரிசையின் கடைசிக்குப் போய், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தோம். அந்த வெறும் போத்தலை இரண்டு கைகளாலும் நெரித்தபடி, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது முடிந்ததும், சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, யோனி வழியாகவும் பார்க்க வேண்டும் என்றார்கள். இதைத்தான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். விரல் பருமனை விடச் சற்றுப் பெரிய மெல்லிய கருவிக்கு உறை போட்டு, ஜெல் தடவி, சில அங்குலம் மட்டுமே உள்ளே வைப்பார்கள். கருப்பைக்குள் அது போவதில்லை. பெரும்பாலும் அழுத்தம் போன்ற ஓர் உணர்வுதான் இருக்கும். நொந்தால் உடனே நிறுத்தச் சொல்லலாம். பெண் தாதி ஒருவர் அறையில் நிற்க வேண்டும் என்று கேட்பதும், விருப்பமில்லையென்றால் மறுப்பதும் நம் உரிமை. நான் கேட்டவுடன் தாதி வந்து மச்சாளின் தோளைத் தொட்டபடி நின்றார். அந்தப் பிள்ளைக்கு என் நன்றி.

அறிக்கையில் 'பொலிசிஸ்டிக்' என்ற சொல்லைக் கண்டதும் மச்சாள் கட்டி என்று நினைத்து அழுதுவிட்டார். வளர்ச்சி பாதியில் நின்ற சிறு நுண்ணறைகள் பல இருப்பதையே அந்தச் சொல் குறிக்கிறது. ஒழுங்கற்ற மாதவிடாய், ஹோர்மோன் பரிசோதனை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்காமல், படத்தை மட்டும் வைத்து அதை நோய் என்று சொல்லிவிட முடியாது. நார்க்கட்டி எதுவும் இருக்கவில்லை. கருக்குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்பதைச் சாதாரண ஸ்கான் காட்டாது. அதற்கு மருந்து செலுத்திப் பார்க்கும் வேறு பரிசோதனை தேவை.

திரும்பி வந்த இரவு தம்பியிடம் விந்துப் பரிசோதனை பற்றிப் பேசினேன். பெண்ணை மட்டும் நான்கு வருடங்களாக அலைய வைத்ததை நினைத்து அவன் வெகுநேரம் தலைகுனிந்திருந்தான்; அடுத்த கிளினிக்குக்குத் தானும் வருவதாக மச்சாளிடம் அவனே சொன்னான்.