ஸோட்டேரோ: பட்டியல் சரி, பதிவு சரியா?

ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும் முன் கடைசி இரவை விழுங்குவது பெரும்பாலும் துணைநூற்பட்டியல்தான். ஆசிரியர் பெயருக்குப் பின் காற்புள்ளியா முற்றுப்புள்ளியா, இதழ் பெயர் முழுசாகவா சுருக்கமாகவா, ஆண்டுக்கு அடைப்புக்குறி உண்டா என்று ஒவ்வொரு இதழுக்கும் ஒரு சட்டம். அந்தச் சட்டங்களைக் காசில்லாமல் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் ஸோட்டேரோ. 2006-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் ஃபயர்ஃபாக்ஸுக்கான துணைநிரலாகத் தொடங்கியது. இப்போது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் தனியாக ஓடுகிறது. அடுக்கித் தரும் வேலையில் அதைப் பெரும்பாலும் குறை சொல்ல முடியாது. பிழை வருவது நாம் உள்ளே போட்ட நூல், கட்டுரை விவரப் பதிவிலிருந்து. இது புரியாமல்தான் பலர் 'ஸ்டைல் (இதழின் பட்டியல் சட்டங்கள் அடங்கிய கோப்பு) சரியில்லை' என்று திட்டுகிறார்கள்.

பதிவு சேர்க்க இரண்டு வழி. உலாவியில் ஸோட்டேரோவின் 'கனெக்டர்' துணைநிரலை நிறுவி, கட்டுரைப் பக்கத்தில் ஒரு சொடுக்கு. அல்லது மந்திரக்கோல் படமுள்ள பொத்தானில் டி.ஓ.ஐ. (கட்டுரையின் நிலையான இணைய அடையாளம்), ஐ.எஸ்.பி.என். (நூலின் அடையாள எண்) அல்லது பப்மெட் என்ற மருத்துவத் தேடுதளத்தின் எண்ணை ஒட்டுவது. கூகுள் ஸ்காலர் தேடல் பக்கத்திலிருந்து மொத்தமாக அள்ளும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அங்கிருந்து வரும் பதிவில் டி.ஓ.ஐ. இருக்காது, ஆசிரியரின் முழுப்பெயருக்குப் பதில் முதலெழுத்து மட்டும் நிற்கும். பதிப்பகத்தின் பக்கத்துக்கே போய்ச் சேமிப்பதற்கு அரை நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

சேர்த்த கையோடு மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது தலைப்பு. ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் கழகத்தின் மேற்கோள் முறை) போன்ற முறைகளில் கட்டுரைத் தலைப்பின் முதல் சொல்லும், துணைத்தலைப்பின் முதல் சொல்லும், சிறப்புப் பெயர்களும் மட்டுமே பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். பல தளங்கள் எல்லாச் சொல்லையும் பெரிய எழுத்தில் தருகின்றன. சிறிய எழுத்தில் சேமித்த தலைப்பை, ஸ்டைல் கேட்டால் ஸோட்டேரோவே பெரிதாக்கிக்கொள்ளும். திருப்பிச் சிறிதாக்குவதை நாம்தான் செய்ய வேண்டும். தலைப்பின் மேல் வலது சொடுக்கு, 'டிரான்ஸ்ஃபார்ம் டெக்ஸ்ட்', 'சென்டென்ஸ் கேஸ்'. அதன்பின் ஊர்ப்பெயர், மொழிப்பெயர் சிறிதாகிவிட்டதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு, ஜெர்மன் நூல்களுக்கு பதிவிலுள்ள மொழிப் புலத்தை (மொழியைக் குறிக்கும் கட்டத்தை) நிரப்பிவிட்டால், அவற்றின் தலைப்பை ஆங்கில முறையில் பெரிதாக்கும் அபத்தம் நடக்காது.

இரண்டாவது பெயர். உலக சுகாதார நிறுவனத்தை இரண்டு கட்டப் பெயராக விட்டுவைத்தால் 'ஆர்கனைசேஷன், டபிள்யூ. ஹெச்.' என்று ஒரு மனிதர் பட்டியலில் முளைப்பார். பெயருக்குப் பக்கத்தில் உள்ள சின்னக் குறியை அழுத்தி ஒற்றைக் கட்டமாக மாற்றினால் போதும். தந்தை பெயரின் முதலெழுத்தை வைத்துக்கொள்ளும் நம்மூர்ப் பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். இணையத் தரவில் அந்த ஒற்றை எழுத்தே குடும்பப் பெயராக ஏறியிருப்பது சாதாரணம். பட்டியலில் ஆசிரியர் 'எஸ்.' என்ற எழுத்தின் கீழ் போய் உட்கார்ந்துகொள்வார்.

மூன்றாவது இதழ் பெயர். சுருக்கம் கேட்கும் ஸ்டைலைத் தேர்ந்தெடுத்தால், ஆவண அமைப்பில் ('டாக்குமென்ட் ப்ரிஃபரன்ஸஸ்') மெட்லைன் என்ற மருத்துவத் தரவுத்தளத்தின் சுருக்கங்களைப் பயன்படுத்தவா என்ற கட்டம் வரும். மருத்துவத் துறைக்கு அதை அப்படியே விடலாம். சொந்தச் சுருக்கப் பட்டியல் வைத்திருக்கும் இதழென்றால் அந்தக் குறியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பதிவிலும் சுருக்கப் புலத்தை நீங்களே நிரப்புங்கள்.

வேர்டு, லிப்ரே ஆபிஸ், கூகுள் டாக்ஸ் மூன்றிலும் மேற்கோளைச் செருகலாம். பக்க எண், 'காண்க' போன்ற முன்னொட்டு, ஆசிரியர் பெயரை மறைத்து ஆண்டை மட்டும் காட்டுவது எல்லாம் செருகும் பெட்டியிலேயே உண்டு. கட்டுரைக்குள் வந்த மேற்கோளைக் கையால் திருத்தாதீர்கள். அடுத்த முறை புதுப்பிக்கும்போது 'உங்கள் திருத்தத்தை வைத்துக்கொள்ளவா' என்று கேட்கும். ஆம் என்றால் அந்த மேற்கோள் உறைந்துவிடும், ஸ்டைலை மாற்றினாலும் அசையாது.

அடிக்கடி வரும் இரண்டு புகார்களுக்கும் காரணம் ஒன்றுதான்: ஒரே ஆளோ ஒரே கட்டுரையோ நூலகத்தில் இரண்டாக இருப்பது. ஏ.பி.ஏ.வில் ஒருவர் பெயருக்கு மட்டும் முதலெழுத்து ஒட்டிக்கொண்டு வருகிறதா? ஒரே ஆளை ஒரு பதிவில் முழுப்பெயராகவும் இன்னொன்றில் முதலெழுத்தோடும் வைத்திருக்கிறீர்கள். ஸோட்டேரோ அவர்களை இரண்டு பேர் என்று நினைத்துப் பிரித்துக் காட்டுகிறது. ஒரே கட்டுரைக்கு '2019ஏ, 2019பி' வருகிறதா? அதே கட்டுரை நூலகத்தில் இரண்டு முறை இருக்கிறது. ஒன்றை அழித்தால் ஆவணத்தோடு அதற்கிருந்த தொடர்பு அறுந்துவிடும். 'டூப்ளிகேட் ஐட்டம்ஸ்' பகுதிக்குப் போய் இரண்டையும் இணையுங்கள், பிறகு வேர்டில் 'ரெஃப்ரெஷ்'.

பெரிய ஆவணத்தில் ஒவ்வொரு மேற்கோளுக்கும் சில விநாடி திணறும். ஆவண அமைப்பில் தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவிட்டு, கடைசியில் ஒருமுறை புதுப்பித்தால் வேலை ஓடும்.

ஸ்டைல் களஞ்சியத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. பெரும்பாலானவை ஒரே பதிப்பகத்தின் ஒரே ஸ்டைலுக்கு வெவ்வேறு இதழ்ப் பெயர்கள். இதழின் பெயர் கிடைத்ததும் நிம்மதியடைய வேண்டாம். அந்த இதழில் அண்மையில் வந்த ஒரு கட்டுரையின் பட்டியலை அருகில் வைத்து, எத்தனை ஆசிரியர்களுக்குப் பின் 'மற்றும் பலர்' வருகிறது என்று ஒப்பிடுங்கள். மருத்துவ இதழ்களில் வழங்கும் வான்கூவர் முறையில் வழக்கமாக 6 பேர், ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பில் 20 பேர் வரை எல்லாரும், 21 ஆனால் முதல் 19 பேர், மூன்று புள்ளி, கடைசி ஆள். இன்னொன்று: எல்செவியர் பதிப்பகத்தின் இதழ்கள் பலவற்றில் முதல் முறை அனுப்பும்போது வடிவம் எதுவானாலும் சரி, சீராக இருந்தால் போதும். அதைப் பார்க்காமல் இரண்டு நாள் செலவழிப்பவர்கள் பாவம்.

2019 முதல் உள்ள ஒரு வசதிக்காகவே இதை நிறுவலாம்: திரும்பப் பெறப்பட்ட கட்டுரை உங்கள் நூலகத்தில் இருந்தால் சிவப்பு அடையாளம் போடும், மேற்கோள் காட்டப் போனால் எச்சரிக்கும்.

குறைகள்? இலவச மேகச் சேமிப்பு 300 எம்.பி. மட்டும், பி.டி.எஃப். கோப்புகளை அதில் ஏற்றினால் சீக்கிரமே நிரம்பும். பதிவு விவரங்கள் அந்தக் கணக்கில் வராது, ஆகவே கோப்பு ஒத்திசைவை நிறுத்திவிட்டாலும் மேற்கோள் வேலை நடக்கும். துணைநூற்பட்டியல் எடிட்டரில் ஒரு பதிவைத் திருத்தினால் அந்த வரியும் உறைந்துவிடும்.  லேடெக்ஸில் (கட்டளைகளால் ஆவணத்தை அமைக்கும் முறை) எழுதுபவர்களுக்கு 'பெட்டர் பிப்டெக்' துணைநிரல் இல்லாமல் இது அரைகுறைதான்.

அனுப்பும் முன் 'அன்லிங்க் சைடேஷன்ஸ்' அழுத்தினால் எல்லாம் வெறும் எழுத்தாகிவிடும். இதழின் பதிவேற்றத் தளம் புலக் குறியீடுகளில் (மேற்கோளை ஸோட்டேரோவோடு இணைக்கும் மறைவான குறிகள்) சிக்காமலிருக்க அது நல்லது. ஆனால் அழுத்த வேண்டியது நகலில். அதைத் திரும்ப இணைக்கும் பொத்தான் கிடையாது. மதிப்பீட்டாளர் நாலு நூல் சேர்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பும்போது கையில் வெறும் எழுத்துக் கோப்பு மட்டும் இருந்தால், மேற்கோள் ஒவ்வொன்றையும் முதலிலிருந்து செருக வேண்டும்.