பேராதனையா, ஹக்கலையா: சிறு கிட்டார் இசைக்கு எந்தப் பூங்காவின் காட்சி?

இரண்டு நிமிட அளவிலான செவ்வியல் கிட்டார் இசைத்துண்டு ஒன்றுக்குப் பூங்காக் காட்சியைத் துணையாக்க விரும்பும் மலையகக் கலைஞருக்குப் இலங்கையின் பேராதனை, ஹக்கலை தாவரவியல் பூங்காக்களே முதலில் நினைவுக்கு வரும்.

மகாவலி வளைந்தோடும் கரையில் 1821ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட பேராதனைப் பூங்காவின் பலம் அதன் ஒழுங்கு. நேர்வரிசையில் நிற்கும் அரசபனைகளினூடே கமெரா மெதுவாக நகரும்போது, சீரான தாளத்தில் விரல்கள் மாறிமாறி மீட்டும் பயிற்சித் துண்டுகள் அதனோடு இயல்பாகப் பொருந்துகின்றன. ஆனால் கூட்டம் அதிகம்.

நுவரெலியாவுக்கு அருகே, 1861இல் சின்கோனா (மலேரியா மருந்தான குயினைன் தரும் மரம்) வளர்ப்புக்காகத் தொடங்கப்பட்ட ஹக்கலையோ வேறு குணமுடையது. ரோஜாப் பாத்திகளின் மேல் மூடுபனி இறங்கும். வெளிச்சம் ஒரே நிமிடத்தில் மாறிவிடும். ஸ்பானிய கிட்டார் இசையமைப்பாளர் டாரெகாவின் ‘லாக்ரிமா’ என்ற சிறு துண்டு, ஒளிர்வாக ஒலிக்கும் ஈ மேஜர் சுரவரிசையில் தொடங்கி, நடுவில் சோகம் தொனிக்கும் ஈ மைனருக்குச் சென்று, மீண்டும் தொடக்கத்துக்கே திரும்புகிறது. வெயில், பனி, வெயில் என்று மாறும் ஹக்கலையின் காலைப்பொழுதுக்கென்றே அதை இயற்றினாரோ என்றுகூடத் தோன்றும். அந்த ஈரக்காற்றில் கிட்டாரை நெடுநேரம் வெளியே வைத்திருப்பது மட்டும் நல்லதன்று. மரம் ஈரத்தை உறிஞ்சி வீங்கிவிடும்; சுருதியும் நிலைக்காது. ஆகவே இசையை வீட்டு அறையில் பதிவுசெய்து, காட்சியைத் தனியே எடுத்து இணைப்பதே முறை. என் தெரிவு ஹக்கலை. வேகமான துண்டுகளுக்கு மட்டும் பேராதனைக்கு இறங்குவேன்.