"0.01% டிஸ்டார்ஷன்" சிக்னல் ஜெனரேட்டர்: பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்

ஆம்ப்ளிஃபையர் சர்வீஸ் செய்கிறவர்கள், ஸ்பீக்கர் கட்டுகிறவர்கள், சொந்தமாகப் போர்டு போட்டு டெஸ்ட் செய்து பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். "ஆடியோ கிரேடு", "லோ டிஸ்டார்ஷன் 0.01%", "கேலிபரேஷன் சர்டிஃபிகேட்டுடன்" என்று மூன்றையும் சேர்த்துப் போட்டு ஆன்லைனில் 18,500 ரூபாய்க்கு விற்ற ஒரு சிக்னல் ஜெனரேட்டரை, அதாவது டெஸ்டுக்கு அலை கொடுக்கும் பெட்டியை வாங்கினேன். டிஸ்டார்ஷன் என்பது அலையின் வடிவம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்ற அளவு, குறைவாக இருந்தால் நல்லது. உள்ளே இருப்பது மூவாயிரம்கூடப் பெறாத சரக்கு. புகார் நடந்துகொண்டிருப்பதால் விற்றவர் பெயரை எழுதவில்லை. பெயரைத் தெரிந்து பெரிய பயனும் இல்லை, இதே பெட்டி வேறு வேறு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது, எந்த இடத்தில் ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

அவர்கள் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் துல்லியம் பொய்யில்லை, அதுதான் இதில் விசேஷமே. 1,000 ஹெர்ட்ஸ் வைத்தால் 1,000 ஹெர்ட்ஸ்தான் வருகிறது, ஃப்ரீக்வன்சி கவுண்டரில் கடைசி இலக்கம்கூட அசையவில்லை. கிரிஸ்டலை வைத்து டிஜிட்டலாக அலை உண்டாக்கும் எந்த டிடிஎஸ் போர்டும், மலிவு விலைப் போர்டு உட்பட, இதைச் செய்துவிடும். ஆனால் ஆம்ப்ளிஃபையர் டெஸ்ட் பண்ண அதனால் பத்துப் பைசா பிரயோஜனம் கிடையாது. 1,000-க்குப் பதில் 1,003 வந்தால் ஆம்ப்புக்கு என்ன நஷ்டம்? நமக்கு வேண்டியது சைன் அலை சுத்தமாக இருக்க வேண்டும், 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை லெவல் ஏறாமல் இறங்காமல் வர வேண்டும். காசு பிடிக்கிற வேலை இந்த இரண்டும்தான், பொய் சொன்னதும் இந்த இரண்டிலும்தான்.

மாட்டிக்கொண்டது இப்படி. மைக் செட் வைத்திருக்கும் ஒருவரின் பவர் ஆம்ப் சர்வீஸுக்கு வந்தது. வேலை முடித்து 1 கிலோஹெர்ட்ஸில் அளந்தால் டிஸ்டார்ஷன் 0.6 சதவீதம் காட்டுகிறது. பயாஸ் சரி, டிரான்சிஸ்டர் சரி, சப்ளை சரி. 0.02-க்குக் கீழே இருக்க வேண்டிய இன்னொரு நல்ல ஆம்ப்பை எடுத்துப் போட்டால் அதிலும் 0.6. வேறு கம்பெனி, வேறு சர்க்யூட், எண் மட்டும் ஒன்று என்றால் ஆம்ப்பைச் சந்தேகப்பட வழியே இல்லை. ஆம்ப்பையே தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஜெனரேட்டர் ஒயரை நேராக யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டில் கொடுத்தேன். அப்போதும் 0.6. ஸ்பெக்ட்ரத்தில் இருக்கக் கூடாத மடங்குகள் 2, 3, 5 கிலோஹெர்ட்ஸ் என்று வரிசையாக முள்வேலி போல நிற்கிறது, போதாததற்கு அடாப்டரிலிருந்து 50, 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் வேறு. அதே இன்டர்ஃபேஸின் அவுட்புட்டை அதன் இன்புட்டுக்கே கொடுத்துப் (லூப்பேக்) பார்த்தேன்: 0.003. ஆகக் கோளாறு ஜெனரேட்டரில்தான்.

அப்புறம் மூடியைக் கழற்றினேன். கனமான அலுமினியப் பெட்டி, அதற்குள் உள்ளங்கை அளவு ரெடிமேட் டிடிஎஸ் போர்டு ஒன்று ஹாட் குளூவில் உட்கார்ந்திருக்கிறது. டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் தனி டாக் ஐசி கிடையாது, ஓரமாகப் பொடிப்பொடி ரெசிஸ்டர்களை ஏணி மாதிரி அடுக்கி எட்டு பிட் எடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த ஆப்-ஆம்ப்பின் நம்பரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறது. முன்பக்க ஸ்டிக்கரின் ஒரு மூலையை நகத்தால் நெம்பினால் அடியில் வேறொரு மாடல் பெயர். கணக்கு எளிது: ஒரு பிட்டுக்கு மோட்டாவாக 6 டெசிபல், எட்டு பிட்டுக்குச் சுமார் 50 டெசிபல், அதாவது 0.3 சதவீதம். ரெசிஸ்டர்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் அதுவும் வராது. 0.01 சதவீதம் என்பது 80 டெசிபல். அதற்கு 14 பிட் வேண்டும், அதுவும் நல்ல ஃபில்டரோடு. நூற்றுக்கணக்கான ரூபாய்க்குக் கிடைக்கும் எக்ஸ்ஆர்2206 ஐசி வைத்த ஜெனரேட்டர் கிட்கூட இதைவிட யோக்கியம், அதன் டேட்டாஷீட்டிலேயே சைன் டிஸ்டார்ஷன் அட்ஜஸ்ட் செய்தால் 0.5, செய்யாவிட்டால் 2.5 சதவீதம் என்று ஒளிக்காமல் போட்டிருக்கும் (சந்தையில் கிடைக்கும் ஐசி ஒரிஜினலா என்பது வேறு கதை).

போன் செய்தேன். "சார், ஸ்கோப்ல போட்டுப் பாருங்க, சைன் வேவ் எவ்ளோ க்ளீனா இருக்குன்னு தெரியும்" என்று ஒரு வீடியோவும் அனுப்பினார். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டிஸ்டார்ஷன் 1 சதவீதம் இருந்தாலும் ஸ்கோப் (அலையை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்) திரையில் கண்ணுக்கு அழகான சைன் அலையாகத்தான் தெரியும், நம்மிடம் இருக்கும் சாதாரண டிஜிட்டல் ஸ்கோப்பும் 8 பிட்தான். அதைச் சொன்னதும் "உங்க சவுண்ட் கார்டு சரியில்ல சார்" என்றார். லூப்பேக் அளவை அனுப்பினேன். அதற்குப் பிறகு பதில் இல்லை. கடைசியாக வந்த மெசேஜ்: "கேலிபரேட் பண்ணின ஐட்டத்துக்கு ரிட்டர்ன் கிடையாது."

அந்தக் கேலிபரேஷன் சர்டிஃபிகேட்டையும் பார்ப்போம். தடித்த தாள், ஹோலோகிராம், வட்ட முத்திரை, இரண்டு கையெழுத்து. அளந்திருப்பது ஃப்ரீக்வன்சி மட்டும், ஐந்து வரி. வோல்டேஜ் என்ற தலைப்புக்குக் கீழே கோடு போட்டிருக்கிறார்கள், டிஸ்டார்ஷன் என்ற பேச்சே இல்லை. அளவில் எவ்வளவு நிச்சயமின்மை என்ற எண்ணும் இல்லை. லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் பெற்ற லேப் அந்த அங்கீகாரத்தின் கீழ் தரும் சர்டிஃபிகேட்டில் யுஎல்ஆர் என்று ஒரு நீளமான எண் இருக்கும், இதில் அது கிடையாது. என்ஏபிஎல் தளத்தில் லேப் பெயரைப் போட்டுத் தேடினால் அங்கீகாரம் உண்டா, எந்தெந்த அளவுக்கு உண்டு என்று பட்டியலே வரும். இந்த லேப் அங்கே இல்லவே இல்லை.

இன்னொன்று, இது ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் மேனுவலில் ஒரு வரி போட்டிருக்கலாம். டிஸ்ப்ளேயில் 1 வோல்ட் என்று இருக்கிறது, ஆம்ப்பில் கொடுத்தால் 2 வோல்ட் போகிறது. 50 ஓம் லோடுக்குக் கணக்குப் போட்ட எண் அது. ஆம்ப்பின் இன்புட் 10 கிலோஓமோ அதற்கு மேலோ இருக்கும் என்பதால் இரட்டிப்பாக வரும். அது பீக்-டு-பீக்கா ஆர்எம்எஸ்ஸா என்றும் எங்கும் போடவில்லை. 0.775 வோல்ட்டில் முழு பவர் தரும் ஆம்ப்புக்கு இந்த வித்தியாசம் சாதாரண விஷயமில்லை. மலிவு மல்டிமீட்டரில் சரிபார்க்கலாம் என்றால் அதில் ஏசி அளவு பலவற்றில் சில நூறு ஹெர்ட்ஸ் வரைதான் நம்பலாம், 10 கிலோஹெர்ட்ஸில் லெவல் இறங்கியது ஜெனரேட்டரா மீட்டரா என்று தெரியாது.

வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம் கேட்க வேண்டியது ஃப்ரீக்வன்சி துல்லியத்தை அல்ல. 1 கிலோஹெர்ட்ஸிலும் 20 கிலோஹெர்ட்ஸிலும் டிஎச்டி (மொத்த ஹார்மோனிக் டிஸ்டார்ஷன்) எவ்வளவு, எந்த வோல்டேஜில் அளந்தது, லெவல் எத்தனை டெசிபலுக்குள் நிற்கும் என்று கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். அளக்கப் போகும் ஆம்ப்பைவிட ஜெனரேட்டர் பத்து மடங்காவது சுத்தமாக இருந்தால்தான் அளவுக்கு அர்த்தம்.

என்னைக் கேட்டால் பெரும்பாலான வேலைக்குத் தனிப் பெட்டியே வேண்டாம், 24 பிட் யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் ஒன்றும் இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்டு என்ற அளக்கும் சாஃப்ட்வேரும் போதும். ஆனால் பவர் ஆம்ப் அவுட்புட்டை நேராக இன்டர்ஃபேஸில் செருகிவிடாதீர்கள், நடுவில் ரெசிஸ்டர் போட்டுக் குறைத்துக் கொடுங்கள். பிரிட்ஜ் முறை கிளாஸ் டி போர்டு என்றால் ஸ்பீக்கர் முனை இரண்டில் எதுவும் கிரவுண்ட் இல்லை, கவனம். லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டினால் ஹம் குறையும். தனிப் பெட்டிதான் வேண்டும் என்றால் பழைய அனலாக் ஆசிலேட்டர் தேடலாம். ஹியூலெட் பேக்கார்டு 1939-ல் ஒரு சின்ன பல்பை வைத்து லெவலைக் கட்டுப்படுத்திய வீன் பிரிட்ஜ் ஆசிலேட்டரில்தான் கம்பெனியையே ஆரம்பித்தது. பின்னால் வந்த அவர்களின் 239ஏ ஆடியோ பேண்டில் 95 டெசிபல் வரை சுத்தம். கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் சுவிட்சுகளைக் கழுவாமல் ஓடாது.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். தொழிலுக்கு வாங்கியது, அதனால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று விற்பவர் மிரட்டுவார். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் தன் வேலைக்கு வாங்கிய பொருளுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில்லோடு விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் கட்டாயம் எடுத்து வையுங்கள். என் புகார் போன பிறகு அந்தப் பக்கத்தில் "0.01%" மறைந்து, "அல்ட்ரா ப்யூர் சைன்" என்று வந்திருக்கிறது. விலை அதே 18,500.