ஜூம், மூடுல் வைத்துப் புள்ளியியல் நடத்துவது: நீண்டகால அனுபவம்

இணையவழிப் பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் புள்ளியியல் நடத்துகிறேன். நேரலைக்கு ஜூம், மற்றதெல்லாம் மூடுல் (பாடங்கள், வீட்டுப்பாடம், விவாதம் எல்லாம் வைக்கும் கற்றல் தளம்) என்று பல பருவங்களாக ஓடுகிறது. மாணவர்களைப் பாடத்தில் இறங்க வைத்ததில் முதலிடம் மூடுலின் கேள்வி-பதில் ஃபோரத்துக்குத்தான் (விவாதப் பக்கம்), நீளமான நேரலை விரிவுரைக்குக் கடைசி இடம்.

சாதாரண ஃபோரத்தில் முதல் இரண்டு பேர் நன்றாக எழுதுவார்கள், அப்புறம் வருகிறவர்கள் அதையே நாலு வார்த்தை மாற்றி எழுதி, "நானும் ஒத்துக்கொள்கிறேன்" என்று முடித்துவிடுவார்கள். கேள்வி-பதில் வகையில் தன் பதிலைப் போடாதவரை அடுத்தவர் பதில் கண்ணிலேயே படாது. போட்ட பிறகும் திருத்துவதற்கான நேரம், இயல்பான அமைப்பில் 30 நிமிடம், கழிந்தால்தான் திறக்கும். அதனால் ஒரு புள்ளியை மட்டும் வைத்துவிட்டு, மற்றவர்களுடையதைப் பார்த்துத் தன்னுடையதை மாற்றும் வழியும் அடைபட்டுவிடுகிறது. ஒவ்வொருவரும் தனியாக யோசித்து எழுதுவதால் தவறுகளும் விதவிதமாக வரும். அடுத்த நேரலை வகுப்பை நான் அந்தத் தவறுகளிலிருந்துதான் தொடங்குகிறேன். யாருடையது என்று பெயர் சொல்வதில்லை.

நேரலையில் நான் பின்பற்றுவது ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் வளர்த்தெடுத்த முறை. ஒரு கேள்வி, தனியாக வாக்கு, சகமாணவரோடு விவாதம், மறுபடியும் வாக்கு. உதாரணமாக, "ஒரு நிறுவனத்தில் சராசரிச் சம்பளம் ஏறியிருக்கிறது, அப்படியென்றால் பாதிப் பேருக்காவது ஏறியிருக்க வேண்டுமா?" என்று ஜூமின் வாக்கெடுப்பில் கேட்பேன். கணிசமானவர்கள் ஆமாம் என்பார்கள். முடிவைக் காட்டாமல் (காட்டினால் எல்லாரும் பெரும்பான்மைப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள்) நாலு நாலு பேராகப் பிரேக்அவுட் ரூமுக்கு, அதாவது ஜூமுக்குள்ளேயே இருக்கும் தனித்தனி அறைகளுக்கு, அனுப்பிவிடுவேன். ஒரு குழு எழுதியது: ஆளுக்கு 20 ஆயிரம் வாங்கும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 19 ஆயிரமாகக் குறைத்து, ஒருவருக்கு மட்டும் 40 ஆயிரமாக ஏற்றினால் சராசரி 21,100. இப்படி ஒன்றை அவர்களே கண்டுபிடித்த பிறகு இடைநிலை (வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் மதிப்பு) எதற்கு என்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிரேக்அவுட் ரூமில் ஒரு தொல்லை, எந்த அறையில் பேசுகிறார்கள், எந்த அறை மௌனமாக இருக்கிறது என்பது வெளியிலிருந்து எளிதில் தெரியாது. பகிர்ந்த கூகுள் ஆவணம் ஒன்றில் குழுவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, விவாதிப்பதை அங்கேயே எழுதச் சொன்னால் இது தீரும். எந்தப் பக்கம் காலியாகக் கிடக்கிறதோ அந்த அறைக்குள் நேராகப் போய்விடலாம். கேமராவைப் போடு என்று நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. பகிர்ந்த வீடு, மெதுவான இணைப்பு என்று ஆயிரம் காரணம் இருக்கும், முகம் தெரிகிற ஒருவர் கவனிக்கிறார் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.

பதிவு செய்த பாடங்களைச் சின்னச் சின்னதாக வெட்டிவிடுங்கள். எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் சுமார் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் வந்த ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்க்கும் நேரத்தின் இடைநிலை 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. ஒரு கருத்துக்கு ஒரு வீடியோ, அதன் முடிவில் மதிப்பெண் இல்லாத இரண்டு கேள்விகள், அவ்வளவு போதும்.

இப்போது குறைகள். மூடுலின் மின்னஞ்சல் அறிவிப்புகள் மழையாகக் கொட்டும், அமைப்பில் தினசரித் தொகுப்பாக மாற்றச் சொல்லி முதல் வாரத்திலேயே மாணவர்களுக்குக் காட்டிவிடுங்கள். இதைவிடப் பெரிய பிரச்சினை சாட்ஜிபிடி வந்த பிறகு தொடங்கியது: பதில்கள் வழவழவென்று ஒரே மாதிரி வர ஆரம்பித்தன. அதனால் அவர்களே திரட்டிய தரவை வைத்துக் கேட்கிறேன், சில கேள்விகளுக்குக் குரல் பதிவாகவே பதில் வாங்குகிறேன். மூடுல் எடிட்டரிலேயே ஒலிப்பதிவுப் பொத்தான் உண்டு, இயல்பாக 2 நிமிடம் பேசலாம். தன் தரவைப் பற்றித் தன் வாயால் சொல்லும்போது புரிந்தவர் யார், தடுமாறுகிறவர் யார் என்பது சட்டென்று பிடிபடும். எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்க நேரம் நிறைய ஆகிறது, அதற்குக் குறுக்கு வழி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. பெரிய வகுப்பாக இருந்தால் தனிக்குழு அமைப்பைப் போட்டு ஃபோரத்தைப் பிரித்துவிட்டு, வாரத்துக்கு ஒரு குழுவுக்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதுங்கள், மற்ற குழுக்களுக்குப் பொதுவாக ஒரு குறிப்பு போட்டால் சமாளிக்கலாம்.