சான்றுக் கோப்பா, கட்டுரையா: லெவல் 5 மேலாண்மைத் தகுதியை எந்த வழியில் முடிப்பது?

என் டிப்ளமா சான்றிதழ் தபாலில் வந்த வாரத்திலிருந்து, கிடங்கில் என்னோடு வேலை செய்பவர்களில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். “அண்ணா, தலைமைத்துவமும் மேலாண்மையும் லெவல் 5 படிக்க வேண்டும். எதில் சேரலாம்?” ஷிஃப்ட் மாறும் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் அல்ல இது. அதனால்தான் எழுதுகிறேன். நான் நடுநிலை வகிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்விக்யூ (தேசியத் தொழில் தகுதி) என்னும் சான்றுக் கோப்பு வழியில், அதாவது வேலையிடத்துச் சான்றுகளைத் தொகுத்துக் காட்டி, முடித்தவன் நான். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

தெரிந்த விஷயங்களை வேகமாகக் கடந்துவிடலாம். இங்கிலாந்தில் லெவல் 5 என்பது பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டுக்கு நிகரான தரம். லெவல் தரத்தைச் சொல்கிறது. அவார்டு, சர்ட்டிஃபிகேட், டிப்ளமா என்ற சொற்கள் அளவைச் சொல்கின்றன. மொத்தப் படிப்பு நேரம் 120 மணி வரை என்றால் அவார்டு, 121 முதல் 369 வரை சர்ட்டிஃபிகேட், 370 அல்லது அதற்கு மேல் டிப்ளமா. விளம்பரத்தில் ‘லெவல் 5’ கொட்டை எழுத்திலும் ‘அவார்டு’ பொடி எழுத்திலும் இருந்தால் நின்று நிதானமாகப் படியுங்கள். தகுதிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஃப்குவாலின் பதிவேட்டில் அந்தத் தகுதியின் எண் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். எண் இல்லையென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இனி இரண்டு வழிகள். கட்டுரை வழியில் ஒவ்வொரு அலகுக்கும் பாடம் உண்டு. பாடத்தின் முடிவில் கேள்விகளுக்கு விடையாக நீண்ட கட்டுரை எழுதித் தர வேண்டும். மேலாண்மைத் தகுதிகள் வழங்கும் சிஎம்ஐ, ஐஎல்எம் ஆகிய அமைப்புகளின் பெயரில் வரும் படிப்புகளில் பெரும்பாலானவை இந்த வகை. கோப்பு வழியில் வகுப்பும் இல்லை, தேர்வும் இல்லை. வேலையில் நீங்கள் ஏற்கனவே செய்வதை, வகுத்துவைத்த தரநிலைகளுக்கு ஏற்பச் செய்கிறீர்கள் என்று நிரூபிக்க வேண்டும். தெரிந்ததைக் கேட்காமல் செய்யத் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் 1986-இல் என்விக்யூ முறை தொடங்கப்பட்டபோதே இருந்த எண்ணம். அமைப்பின் பெயரை மட்டும் வைத்து வழியை ஊகிக்க வேண்டாம். ஒரே அமைப்பு இரண்டு வகையும் வைத்திருக்கலாம். சேரும் முன் “எதை வைத்து மதிப்பிடுவீர்கள்?” என்று நேராகக் கேளுங்கள்.

மூன்றாவதாக, வேலை செய்துகொண்டே படிக்கும் அப்ரண்டிஸ்ஷிப் இருக்கிறது. ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள் 2017 ஏப்ரலிலிருந்து அதற்கென ஒரு வரி கட்டுகின்றன. அந்தப் பணத்தில் பணியாளர்களைப் படிக்கவைக்க முடியும். உங்கள் மனிதவளத் துறை சம்மதித்தால் தாராளமாகப் போங்கள். எங்கள் இடத்தில் சம்மதிக்கவில்லை, ஆகவே அதைப் பற்றி நான் பேசுவதற்கில்லை.

கட்டுரை வழியை நான் அறவே அறியாதவன் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் லெவல் 3 அவார்டு ஒன்றை அப்படித்தான் முடித்தேன். அதில் கிடைத்த நன்மையை மறைக்க மாட்டேன். குழுக்கள் உருவாதல், மோதல், இணக்கம், செயல்பாடு என்ற நான்கு கட்டங்களைக் கடக்கும் என்று உளவியலாளர் டக்மன் 1965-இல் சொன்னதை அங்கேதான் படித்தேன். புதிதாக ஆறு பேர் வந்து சேர்ந்த மாதத்தில் எங்கள் ஷிஃப்ட் ஏன் அப்படிச் சண்டை போட்டது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. கோப்பு வழியிலும் கோட்பாடு வரும், ஆனால் அவசரமாக வந்துபோகும். ஒரு கருத்தை எடுத்து உட்கார்ந்து மெல்லும் இன்பம் கட்டுரையில்தான்.

சிரமம் அந்த உட்காருவதில் இருக்கிறது. இரவு ஷிஃப்ட் முடித்துக் காலையில் வந்து, மூன்று மணி நேரம் தூங்கி, பிறகு ‘உங்கள் நிறுவனத்தின் தலைமைப் பாணிகளை விமர்சன நோக்கில் மதிப்பிடுக’ என்ற வரியின் முன் உட்கார்ந்து பாருங்கள். என் முதல் கட்டுரையே திரும்பி வந்தது. ‘மதிப்பிடுக’ என்று கேட்ட இடத்தில் நான் ‘விவரித்து’ வைத்திருந்தேனாம். அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு வாரம் ஆனது. லெவல் 3-இலேயே இந்தப் பாடு என்றால் லெவல் 5-இல் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் வழியை மாற்றினேன். லெவல் 5 கட்டுரைகளை நான் எழுதிப் பார்க்கவில்லை. ஒருவேளை பழகிவிட்டால் எளிதோ என்னவோ.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது ஒரே விஷயம்: சான்று. அது எங்கிருந்து வருகிறது, யார் கையில் இருக்கிறது, எவ்வளவு நாள் செல்லுபடியாகும்? கட்டணம், காலம், பெயர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கோப்பு வழியில் சான்று என்றால் கூட்டக் குறிப்பு, ஷிஃப்ட் அட்டவணை, நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல், இடர் மதிப்பீட்டுப் படிவம், மேலாளர் எழுதித்தரும் சாட்சிக் கடிதம் ஆகியவை. இவற்றோடு மதிப்பீட்டாளர் நேரில் வந்து பார்ப்பதும், உங்களோடு உட்கார்ந்து பேசிப் பதிவுசெய்வதும் சேரும். அழகு என்னவென்றால் ஒரே சான்று நாலைந்து அளவுகோல்களுக்குப் பொருந்தும். என் மதிப்பீட்டாளர் ஒருநாள் ஷிஃப்ட் ஒப்படைப்புக் கூட்டத்தைப் பார்க்க வந்தார். கூட்டம் முழுதாகப் பன்னிரண்டு நிமிடம். அதற்குள் ஒரு ஃபோர்க்லிஃப்ட் பழுது, வராத இருவருக்குப் பதில் ஆள், முந்தைய நாள் வாக்குவாதம் செய்த இருவரை வெவ்வேறு வரிசைக்கு மாற்றியது என மூன்று விஷயம் முடிந்தன. அவர் அதை வைத்து மூன்று அலகுகளில் பதினோரு இடங்களில் டிக் போட்டார். கட்டுரையாக எழுதியிருந்தால் எனக்கு ஒரு மாதம் போயிருக்கும்.

ஆனால் கோப்பைப் பராமரிக்க வேண்டும். அதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒவ்வொரு தாளிலும் தேதி இருக்க வேண்டும். அது உங்களுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும். அண்மைக் காலத்ததாக இருக்க வேண்டும்; நாலு வருடத்துக்கு முன் செய்த சாதனை பெரும்பாலும் செல்லாது. பணியாளர்களின் பெயர், மருத்துவ விவரம் எல்லாவற்றையும் கறுப்படிக்க வேண்டும். ஒரு ஞாயிறு முழுவதும் நான் மார்க்கரும் கையுமாக உட்கார்ந்து முப்பது தாள்களில் பெயர் அடித்தேன். மறுநாள் அவற்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது அத்தனை பெயரும் பின்பக்கம் பளிச்சென்று தெரிந்தன. மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, மறுபடி அடித்தேன்.

இன்னொரு தொல்லை நம் வளர்ப்பிலேயே இருக்கிறது. “சரக்கு தேங்கியதை நாங்கள் சரிசெய்தோம்” என்று எழுதுவேன். மதிப்பீட்டாளர் ‘நாங்கள்’ என்பதைச் சுற்றி வட்டம் போட்டு, “இதில் நீங்கள் செய்தது எது?” என்று கேட்பார். ‘நான் செய்தேன்’ என்று எழுதினால் தற்பெருமை என்று கூசிப்போகும் நமக்கு. கூச்சம் தெளிய மூன்று மாதம் பிடித்தது. அதன்பின் அது கோப்புக்கு வெளியேயும் உதவியது என்பது வேறு கதை.

இவ்வளவு சொன்னபின் அந்த வழியின் ஓட்டையையும் காட்ட வேண்டும். சான்று உங்கள் வேலையோடு கட்டிப்போடப்பட்டது. வேலை போனால் கோப்பும் பாதியில் நிற்கும். என் மேலாளர் ஒருவர் சாட்சிக் கடிதம் தருவதாகச் சொல்லிச் சொல்லி, கையெழுத்திடாமலே வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். அவர் பார்த்த ஏழு மாத வேலைக்கு வேறு சாட்சி தேட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். புதிய மேலாளர், தான் பார்க்காததற்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அதிலிருந்து, எது நடந்தாலும் அந்த வாரமே கடிதம் வாங்கிவிடுவேன்.

அதிகாரம் இல்லாதவர்களுக்கு இன்னொரு சுவர். லெவல் 5 டிப்ளமாவில் உத்தித் திட்டம் வகுப்பதில் பங்கு, மாற்றத்தை நடத்துதல் போன்ற அலகுகள் வருகின்றன. ஷிஃப்ட் மேற்பார்வையாளருக்கு அந்த மேசையில் நாற்காலி கிடையாது. கேட்டு வாங்கித்தான் உட்கார வேண்டும். கிடங்கின் பொருள் எடுக்கும் வரிசையை மாற்றும் திட்டத்தில் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நானே போய்க் கேட்டேன். சேர்த்துக்கொண்டார்கள். மறுத்திருந்தால் அந்த அலகு அங்கேயே நின்றிருக்கும். கட்டுரை வழியில் இந்தச் சிக்கல் குறைவு: உங்கள் நிறுவனத்தை வெளியிலிருந்து அலசி எழுதலாம், வேலை மாறினாலும் எழுதி முடித்த கட்டுரை உங்களோடு வரும். அடுத்த ஆறு மாதத்தில் வேலை மாறும் எண்ணம் இருப்பவர், இப்போது குழு எதையும் நடத்தாதவர், லெவல் 7 வரை ஏற நினைப்பவர் ஆகியோருக்கு நான் கட்டுரையைத்தான் சொல்வேன், மனமில்லாமல் என்றாலும்.

சந்தை மதிப்பு? இங்கே என் அனுபவம் மெலிந்தது. சிஎம்ஐ 2002-இல் அரச சாசனம் பெற்ற அமைப்பு. அதன் உறுப்பினராகிப் படிப்படியாகச் ‘சார்ட்டர்டு மேனேஜர்’ என்னும் தொழில் அங்கீகாரம் வரை போகலாம். பெயருக்குப் பின் போடும் எழுத்துகளுக்கு அலுவலக வேலைகளில் மவுசு இருக்கக்கூடும். நான் சென்ற நேர்காணல் ஒன்றே ஒன்று. அதில் தகுதியின் பெயரை யாரும் கேட்கவில்லை; “ஒரு கஷ்டமான பணியாளரை எப்படிக் கையாண்டீர்கள்?” என்று கேட்டார்கள். பெயரைக் கறுப்படித்த தாள்கள் ஒவ்வொன்றும் நினைவில் இருந்ததால் தேதியோடு பதில் வந்தது. ஒரு நேர்காணலை வைத்து உலகத்தை அளக்க முடியாது, தெரியும்.

பணத்துக்கு ஒரு வரி: 19 வயது நிறைந்தவர்களுக்கு லெவல் 3 முதல் 6 வரை அட்வான்ஸ்டு லேனர் லோன் என்னும் அரசுக் கல்விக் கடன் உண்டு, கடன் வரலாற்றைச் சோதிப்பதில்லை, ஆனால் எல்லாப் படிப்புக்கும் எல்லா நிலையத்துக்கும் கிடையாது, குடியிருப்பு நிபந்தனைகளும் இருக்கின்றன.

கேட்ட மூவரில் ஒருவர் கோப்பு வழி என்று முடிவுசெய்துவிட்டார். இன்னும் சேரவில்லை, அதற்குள் நேற்று ஒரு கூட்டக் குறிப்பை ஆவலோடு எடுத்துவந்து காட்டினார். நல்ல குறிப்பு. யார் என்ன சொன்னார், எதை எப்போது முடிப்பது என்று எல்லாம் இருந்தது. நான் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். தேதி இல்லை.