அவுட்லுக் ஆட்-இன் எழுதித் தருகிறோம் என்று வருபவர்களிடம் பணம் கொடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள்

ஆட்-இன் என்பது அவுட்லுக் மெயில் மென்பொருளோடு மாட்டிக்கொள்ளும் துணை ப்ரோக்ராம். அதை எங்களிடம் விற்ற கம்பெனியின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் அதே சரக்கை வேறு சில ஆபீஸ்களிலும் மாட்டிவிட்டிருக்கிறார்கள் என்று கேள்வி. அதனால் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

எங்களுடையது ஆடிட்டர் ஆபீஸ். நாங்கள் கேட்டது பெரிய விஷயமே இல்லை. அவுட்லுக்கில் மெயில் விண்டோ திறந்ததும் பக்கத்தில் ஒரு பேனல் வரவேண்டும். அதில் கிளையன்ட்டின் ஃபைல் நம்பரைத் தேர்ந்தெடுத்தால் அது சப்ஜெக்ட்டில் போய் உட்கார வேண்டும். விண்டோவை மூடும்போது எங்கள் ரிஜிஸ்டரில் ஒரு வரி ஏறவேண்டும். அவ்வளவுதான். பாதிப் பணம் அட்வான்ஸ், மீதி டெமோ முடிந்ததும் என்று பேச்சு. டெமோவில் ஒரு குறையும் தெரியவில்லை. மீதிப் பணமும் போனது, ஏஎம்சியும் (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) சேர்ந்தது.

அப்புறம்தான் ஆரம்பித்தது. காலையில் அவுட்லுக்கைத் திறந்தால் பேனல் ஒழுங்காக வரும். கொஞ்ச நேரம் போனதும் சத்தமில்லாமல் நின்றுவிடும். எரர் மெசேஜ் கிடையாது. ஆட்-இன் பட்டியலில் டிக் அப்படியே இருக்கும். மூடித் திறந்தால் மறுபடி வரும். போன் செய்தால் முதலில் ஆன்டிவைரஸ் என்றார்கள், அடுத்து விண்டோஸ் அப்டேட் என்றார்கள், கடைசியில் "ரேம் பத்தாது சார்" என்றார்கள். ரேமும் வாங்கிப் போட்டோம். ஒன்றும் மாறவில்லை. அவர்கள் கொடுத்த கையேட்டைப் புரட்டினால், "சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு அவுட்லுக்கை ஒருமுறை மூடித் திறக்கவும்" என்று அச்சிட்டே வைத்திருக்கிறார்கள். கோளாறு இருப்பது அவர்களுக்கு முன்பே தெரியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எங்கள் ஆபீஸ் பையன் ஒருவனுடைய அண்ணன் டாட்நெட்டில், அதாவது இந்த மாதிரி ப்ரோக்ராம்கள் எழுதும் மைக்ரோசாஃப்ட்டின் தளத்தில், வேலை செய்கிறவர். ஐஎல்ஸ்பை என்று ஒரு இலவச டூல் இருக்கிறது, டாட்நெட்டில் எழுதிய ப்ரோக்ராம் ஃபைலான டிஎல்எல்லைத் திறந்து உள்ளே இருக்கும் கோடைப் படிக்கலாம். அதில் போட்டுப் பார்த்த கொஞ்ச நேரத்திலேயே, "சார், இது ரொம்ப பழைய கதை" என்றார்.

அவர் சொன்னது இதுதான். அவுட்லுக்கில் மெயின் விண்டோவுக்கு எக்ஸ்ப்ளோரர் என்று பெயர், தனியாகத் திறக்கும் மெயில் விண்டோவுக்கு இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர்ஸ் என்ற தொகுப்பில் நியூஇன்ஸ்பெக்டர் என்று ஒரு ஈவென்ட், அதாவது ஏதாவது நடந்தால் வரும் அறிவிப்பு, உண்டு. புது விண்டோ திறக்கும்போது அது ஆட்-இன்னுக்குத் தகவல் சொல்லும். அந்தத் தொகுப்பை, ஆட்-இன் ஓடும்வரை கைவிட்டுப் போகாதபடி, கிளாஸ் அளவில் ஒரு வேரியபிளில் (கோடில் ஒன்றைப் பிடித்து வைக்கும் இடம்) பிடித்து வைத்திருக்க வேண்டும். இவர்கள் ஒரே வரியில் ஈவென்ட்டை மாட்டிவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். யாரும் பிடித்து வைக்காத பொருளை மெமரியைச் சுத்தம் செய்யும் டாட்நெட்டின் கார்பேஜ் கலெக்டர் குப்பை என்று நினைத்துக் கூட்டிப் பெருக்கிவிடும். அது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்துபோன பிறகு விண்டோ திறக்கும், ஆனால் ஆட்-இன்னுக்குச் செய்தி வராது. ஐந்து நிமிட டெமோவில் இது பெரும்பாலும் தெரியவே தெரியாது. இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு நன்றாகவே தெரிந்த பொறி இது. திருத்த ஒரு வரி கூடுதலாக எழுதினால் போதும்.

இதுகூடப் பரவாயில்லை. மதியம் வேலை செய்யாத ஆட்-இன், காலையில் வேலை செய்தபோது தப்பாகச் செய்தது. எங்கள் சீனியர் அக்கா ஒரு கிளையன்ட்டுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவரின் மெயிலையும் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்வார். ஆடிட்டர் ஆபீஸில் யார்தான் ஒரே விண்டோவோடு வேலை செய்கிறார்கள்? முதல் விண்டோவின் பேனலில் நம்பரைத் தேர்ந்தெடுத்தால், அது இரண்டாவது விண்டோவின் சப்ஜெக்ட்டில் போய் ஏறியது. காரணம், "இப்போதைய மெயில்" என்று ஒரே ஒரு வேரியபிள்தான் வைத்திருந்தார்கள். புது விண்டோ திறந்ததும் பழையதை அழித்துவிட்டு அதில் புதியது உட்கார்ந்துகொள்ளும். பழைய விண்டோவின் க்ளோஸ் ஈவென்ட்டும் அதோடு போகலாம், அதனால் ரிஜிஸ்டரில் பல வரிகள் ஏறவே இல்லை. விண்டோ ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பொருள் வைத்து, க்ளோஸ் வரும்போது அதை மட்டும் நீக்குவதுதான் முறை. ஒரு கிளையன்ட்டின் ஃபைல் நம்பரோடு வேறொரு கிளையன்ட்டுக்கு மெயில் போய், அவர் போன் செய்து கேட்டபோதுதான் எங்களுக்கே இது தெரிந்தது. நம்பர் என்பதால் தப்பித்தோம். பெயர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ரிப்ளை விவகாரம் தனி. அவுட்லுக் 2013 முதல், மெயின் விண்டோவில் மெயிலைப் படிக்கும் பகுதியான ரீடிங் பேனிலேயே பதில் எழுதலாம், தனி விண்டோ திறக்காது. அப்போது நியூஇன்ஸ்பெக்டர் வராது, எக்ஸ்ப்ளோரரின் இன்லைன்ரெஸ்பான்ஸ் ஈவென்ட்டைத்தான் கவனிக்க வேண்டும். இவர்கள் கோடில் அந்தப் பெயரே இல்லை. "பாப் அவுட் அமுக்கிவிட்டு டைப் பண்ணச் சொல்லுங்க" என்பதுதான் சப்போர்ட்டில் கிடைத்த தீர்வு, அதாவது ஒவ்வொரு பதிலையும் தனி விண்டோவாக்கிவிட்டு எழுத வேண்டுமாம்!

அடுத்தது நேரடியாகப் பணம் பிடுங்கிய கதை. அவுட்லுக் திறக்கும்போதே இவர்களுடைய ஆட்-இன் சர்வரோடு பேசப் போய் நின்றுகொள்ளும். ஐந்து முறை திறந்ததில் ஆட்-இன் எடுத்துக்கொண்ட நேரத்தின் நடுமதிப்பு 1000 மில்லிசெகண்டைத் தாண்டினால் அவுட்லுக் அந்த ஆட்-இன்னைத் தானாகவே முடக்கிவிடும். முடங்கும்போதெல்லாம் ஒரு ஆள் வருவார், "ரீஆக்டிவேஷன்" என்று விசிட் சார்ஜ் போடுவார். அது ஏஎம்சியில் சேராதாம். அவர் செய்ததெல்லாம் ஃபைல் மெனுவுக்குப் போய், முடக்கப்பட்ட ஆட்-இன்கள் பட்டியலைத் திறந்து, எப்போதும் இயக்கு என்ற பட்டனை அமுக்கியதுதான். அதை நீங்களே செய்துகொள்ளலாம், காசு கேட்காது.

அவுட்லுக்கை மூடும்போது மிச்சப் பதிவுகளைச் சேமிக்கும் கோடு ஷட்டவுன் ஃபங்ஷனில் இருந்தது. அது ஓடவே ஓடாது. விஷுவல் ஸ்டுடியோவில் புது அவுட்லுக் ப்ராஜெக்ட் திறந்தால், அவுட்லுக் இப்போது இந்த ஈவென்ட்டை எழுப்புவதில்லை என்ற குறிப்பு அந்த ஃபங்ஷனுக்குள்ளேயே தயாராக இருக்கும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு அதற்குக் கீழேயே எழுதியிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு, "நியூ அவுட்லுக்குக்கும் இதையே போட்டுத் தருகிறோம்" என்று புது கொட்டேஷன் அனுப்பினார்கள். பழைய அவுட்லுக்குக்குப் பதிலாக மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்திருக்கும் நியூ அவுட்லுக்கில், கம்ப்யூட்டரில் நிறுவி ஓட்டும் இந்த காம், விஎஸ்டிஓ வகை ஆட்-இன்கள் ஓடவே ஓடாது. வெப்பேஜ் மாதிரி ஓடும் வெப் ஆட்-இன்னாக முதலிலிருந்து எழுத வேண்டும், அதில் இந்த இன்ஸ்பெக்டர் ஈவென்ட் எதுவும் கிடையாது. பழைய அவுட்லுக்குக்கு 2029 வரையாவது ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது, அதனால் அவசரப்பட்டு யாரிடமும் கையெழுத்துப் போட வேண்டாம்.

டெமோவை அவர்கள் லேப்டாப்பில் பார்க்காதீர்கள். உங்கள் ஆபீஸில், வேலை நாளில், அவுட்லுக்கை மூடாமல் சாயங்காலம் வரை ஓடவிட்டு, கணக்கில்லாமல் மெயில்களைத் திறந்து மூடச் சொல்லுங்கள். மூன்று விண்டோக்களைத் திறந்து முதலாவதற்குத் திரும்பி வந்து நம்பர் போட்டுப் பாருங்கள். ரீடிங் பேனில் ரிப்ளை அடியுங்கள். பாதி எழுதிய மெயிலோடு அவுட்லுக்கை மூடுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு மீதிப் பணத்தைப் பேசுங்கள், சோர்ஸ் கோட் கையில் வராமல் கொடுக்காதீர்கள்.

எங்களுக்குப் பணம் திரும்பவில்லை. சோர்ஸ் கோட் கேட்டதற்கு, அது தங்கள் சொத்து என்று மெயில் வந்தது. ஏஎம்சியை நிறுத்திவிட்டோம், இன்னும் வராத பதிவுகளுக்குக் கணக்கு கேட்டு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. இப்போதைக்கு ஃபைல் நம்பரைக் கையால்தான் டைப் செய்கிறோம்.