புதிய சட்டங்களுக்குப் பிறகும் மேசையில் இருக்கும் நூல்கள்: குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரின் பயன்பாட்டு அனுபவம்

குற்றவியல் வழக்குகளை நடத்தும் ஒருவர் எந்தெந்த நூல்களை வாங்க வேண்டும் என்று 2024 ஜூலை 1ஆம் தேதிக்கு முன்பு கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்கக்கூடிய விடை வேறு. இன்று சொல்லும் விடை வேறு. அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 358 பிரிவுகளும், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய நடைமுறைச் சட்டம்) 531 பிரிவுகளும், பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 170 பிரிவுகளும் கொண்டவை. இவற்றுக்கு முன்பு நடைமுறையில் இருந்த 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டம், 1973ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டம், 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் ஆகியவற்றுக்கு எழுதப்பட்ட தொகுதிகளைப் பல்லாண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு, அவற்றில் எது இன்னும் பயன்படும், எது பயன்படாது என்பது நீதிமன்றத்தில் புழங்கிப் பார்த்த பிறகே தெளிவாயிற்று. நடுவர் நீதிமன்றத்திலும் அமர்வு நீதிமன்றத்திலும் பயன்படுத்திய அளவில்தான் இங்கே எழுதுகிறேன். தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களின் தேவை வேறு.

மிக அதிகமாகக் கைக்கு வருவது, உரையின்றிச் சட்டத்தின் வாசகத்தை மட்டும் அச்சிட்ட, விலை குறைந்த பேர் ஆக்ட்தான். வாங்கும்போது நான் பார்ப்பது இரண்டே விஷயங்கள்: எழுத்தின் அளவு, இறுதியில் பழைய பிரிவையும் புதிய பிரிவையும் இணைத்துக் காட்டும் ஒப்பீட்டு அட்டவணை. அட்டவணை இல்லாத பதிப்பு எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும் இப்போதைக்கு வீண். பழைய நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். புதிய சட்டத்தில் அதே எண் முன்பிணையை (முன்ஜாமீனை) குறிக்கிறது, உள்ளார்ந்த அதிகாரமோ 528க்குப் போய்விட்டது. எந்தச் சட்டத்தின் 482 என்று கேட்டுத் தெளிந்துகொள்ளாமல் இன்று எந்த மனுவையும் படிக்க முடிவதில்லை. அட்டவணை இரு திசையிலும் இருக்க வேண்டும். பழையதிலிருந்து புதியதற்கு மட்டும் வழிகாட்டும் பதிப்புகள், புதிய குற்றப்பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு பழைய தீர்ப்பைத் தேடுபவருக்கு உதவுவதில்லை.

பழைய பேர் ஆக்டுகளையும் நான் ஒதுக்கவில்லை. சம்பவம் 2024 ஜூலைக்கு முந்தையது என்றால் குற்றமும் தண்டனையும் பழைய சட்டப்படியே அமையும். அன்று நிலுவையில் இருந்த விசாரணைகள் பழைய நடைமுறைப்படியே தொடரப் புதிய நடைமுறைச் சட்டத்தின் 531ஆம் பிரிவு வழிசெய்கிறது. சம்பவம் பழையது, முதல் தகவல் அறிக்கை புதியது என்ற வழக்கில் பழைய தண்டனைச் சட்டமும் புதிய நடைமுறைச் சட்டமும் ஒரே கோப்புக்குள் வருகின்றன. எனவே பழைய சட்டங்களின் கடைசிப் பதிப்பு ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி இன்னும் பல ஆண்டுகளுக்குத் தேவைப்படும்.

பெரிய உரை நூல்களில், தண்டனைச் சட்டத்துக்கான ரத்தன்லால் – தீரஜ்லால் தொகுதியின் பழைய பதிப்பு நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே தாக்குப்பிடிக்கிறது. கொலை, திருட்டு, மோசடி ஆகியவற்றின் இலக்கணம் பெரும்பாலும் பழைய சொற்களிலேயே புதிய தண்டனைச் சட்டத்தின் 101, 303, 318 ஆகிய பிரிவுகளுக்கு நகர்ந்திருப்பதால், ஒவ்வொரு கூறையும் பிரித்துக்காட்டும் அந்நூலின் விளக்கங்கள் அப்படியே பொருந்துகின்றன. அமைப்புசார் குற்றம் பற்றிய 111, பறிப்பு பற்றிய 304 போன்ற புதுப் பிரிவுகளுக்கு மட்டும் அதில் எதுவும் கிடைக்காது.

நடைமுறைச் சட்டத்தின் கதை வேறு. புதிய சட்டங்கள் வந்த சில மாதங்களிலேயே வெளியான உரைகளில் சில, பழைய உரையின் பிரிவு எண்களை மாற்றி, புது அட்டை போட்டு வந்தவை. சில ஆயிரம் ரூபாய் கொடுக்கும் முன், கடையிலேயே நின்றபடி நான்கு இடங்களைத் திறந்து பார்க்குமாறு இளைய வழக்கறிஞர்களிடம் சொல்லி வருகிறேன். முதலாவது, புதிய நடைமுறைச் சட்டத்தின் 187(2). காவல்துறைக் காவல் முதல் பதினைந்து நாட்களுக்குள் மட்டுமே என்று அனுபம் குல்கர்னி வழக்கில் 1992இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்போதோ அந்தப் பதினைந்து நாட்களை, வழக்கின் தன்மைக்கேற்ப முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் பகுதி பகுதியாகவும் வழங்கலாம் என்று சட்டமே கூறுகிறது. இந்த மாற்றத்தைக் குறிப்பிடாமல் குல்கர்னி தீர்ப்பை மட்டும் பத்தி பத்தியாக அச்சிட்டிருக்கும் நூலை அங்கேயே வைத்துவிடலாம்.

இரண்டாவது 173(3). மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குட்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் காவல் கண்காணிப்பாளரின் அனுமதியுடன் பதினான்கு நாட்களுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்த அது இடமளிக்கிறது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றித் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்ற, லலிதா குமாரி வழக்கின் ஐந்து நீதிபதிகள் அமர்வுத் தீர்ப்போடு இதை எப்படிப் பொருத்துவது என்பதை நல்ல உரையாசிரியர் தயங்கியேனும் பேசியிருப்பார். மூன்றாவது, தனிநபர் புகாரைக் கோப்பில் எடுக்கும் முன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்னும் 223இன் வரம்புரை (பிரிவோடு சேர்ந்த நிபந்தனை). பழைய 200ஆம் பிரிவில் இதற்கு இடமே இருந்ததில்லை. நான்காவது நடைமுறைச் சட்டத்தில் அன்று, சாட்சியச் சட்ட உரையில் பார்க்க வேண்டியது: மின்னணுப் பதிவுக்கான 63(4) சான்றிதழ். பழைய 65ஆ சான்றிதழ் பற்றி உச்ச நீதிமன்றத்தின் அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்பு சொன்னதோடு நில்லாமல், அட்டவணையிலுள்ள படிவத்தின் இரு பகுதிகளையும், நிபுணர் கையொப்பமிட வேண்டிய பகுதி உட்பட, ஹாஷ் மதிப்புடன் (கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) விளக்கியிருக்க வேண்டும். இந்த நான்கிலும் தேறிய நூல்கள் என் கைக்கு அதிகம் வரவில்லை.

குறுக்கு விசாரணைக்கு முந்திய நாள் தேவைப்படுவது மருத்துவ நூல். மோடியின் மருத்துவ நீதியியல் நூல் 1920இல் முதலில் வெளிவந்து, பின்னர் வேறு பதிப்பாசிரியர்களால் திருத்தப்பட்டு வருவது. தூக்கிட்டுக்கொண்டதற்கும் கழுத்து நெரிக்கப்பட்டதற்கும் உள்ள வேறுபாடு, காயத்தின் வயது, உடல் விறைப்பின் காலம் ஆகிய பகுதிகள் என் பிரதியில் கிழியும் நிலைக்கு வந்துவிட்டன. விற்பனையில் உள்ள நூலில் நிபுணர் எழுதிய கருத்தை, அவர் இறந்துவிட்டார் என்றால் நூலைக் காட்டியே நிரூபிக்கலாம் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 60ஆம் பிரிவு வரம்புரை கூறியது; ஆசிரியரின் மறைவே நூலுக்குத் தகுதியாகும் துறை இது ஒன்றாகத்தான் இருக்கும். ஆயினும் மருத்துவரிடம் பக்கத்தைக் காட்டி அவருடைய கருத்தைக் கேட்காமல், வாதத்தின்போது மட்டும் அதைப் படித்துக்காட்டினால் பயன் குறைவு. நச்சியல் பகுதிக்கு ஆய்வக அறிக்கையையே நம்புகிறேன்.

செயலிகளில், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘சங்கலன்’ இலவசமானது. இணையம் இல்லாத நீதிமன்ற வளாகங்களிலும் பிரிவுகளை ஒப்பிட உதவுகிறது. தீர்ப்புகளைத் தேட இணையமே போதும். ஆனால் தேடத் தெரிந்த சொல்லுக்கு மட்டுமே அது விடை தரும். எந்தச் சொல்லைத் தேட வேண்டும் என்பதையே உரை நூல்தான் காட்டித் தருகிறது.

நடுவர் நீதிமன்றத்துக்குப் போகும் இளையவர்கள் பலரும் வாங்காமல் விடுவது, சென்னை உயர் நீதிமன்றத்தின் 2019ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறை விதிகள். 1958ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக வந்த இவை, அகில இந்திய உரை நூல்கள் எட்டிப் பார்க்காத அலுவலக நடைமுறைகளைக் கூறுகின்றன. இவற்றோடு, 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம் என்னும் குண்டர் தடுப்புச் சட்டம், 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம், 1992ஆம் ஆண்டு பொதுச்சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் ஆகியவை அடங்கிய மாநிலச் சட்டத் தொகுப்பு ஒன்றும் வேண்டும். நான் வைத்திருக்கும் தொகுப்பின் கட்டுமானம் உறுதியானது, தாள் நல்லது. பொருளடைவு மட்டும் மிக மோசம். பின்னட்டையின் உட்புறம் நானே எழுதி ஒட்டிய பட்டியலைக் கொண்டுதான் இப்போது அதைப் பயன்படுத்தி வருகிறேன்.